பதினோராவது கட்டத்தில் நான் எழுதியது

"நிறுவனத்தின் பதிவு முகவரிக்கு நேரில் சென்றேன். பெயர்ப்பலகை உள்ளது. இயக்குநர் வீட்டில் இருந்தார். அசல் ஆவணங்களைக் காட்டினார். என் முன்னிலையில் கையெழுத்திட்டார். நிறுவனத்தின் கட்டுப்பாடு: இயக்குநரிடம். பாதகமாக எதுவும் தென்படவில்லை."

நேரடி ஆய்வுக் குறிப்பு. புரட்டாசி மாதம், மூன்றாவது வியாழக்கிழமை, பகல் பதினொன்று நாற்பது. கையெழுத்து என்னுடையது. பெருந்தொற்று ஓய்ந்து கடைகள் முழுதாகத் திறந்ததற்கு அடுத்த வருடம்.

அசல் வங்கியின் கோப்பில் இருக்கிறது. நகல் என்னிடம் இருக்கிறது. எனக்குத் தேதிகளைச் சேர்த்து வைக்கும் பழக்கம் உண்டு. எங்கள் ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் மணல் மூடிய நாள், வெள்ளம் வந்து அது திறந்த நாள், பூநாரைகள் முதலில் கண்ணில் பட்ட நாள், பழைய கல்லறைக் கற்களில் தேய்ந்துபோன வருடங்கள் என்று இருபது வருடத்துக்கு மேல் நோட்டுகளில் எழுதி வருகிறேன். படித்த புத்தகங்களில் எங்கள் ஏரியைப் பற்றி ஒரு வரி வந்தாலும் பக்க எண்ணோடு குறித்துக்கொள்வேன். யாரும் கேட்டு எழுதுவதில்லை. ஊர்க்காரர்கள் மட்டும் பந்தயம் கட்டினால் வந்து கேட்பார்கள். ஆகவே அந்த வியாழக்கிழமைக்கும் என் நோட்டில் ஒரு பதிவு இருந்தது. வங்கிக் கோப்பில் உள்ளதும் நோட்டில் உள்ளதும் ஒன்றல்ல.

நான் ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் பிறந்தவன். எங்கள் பக்கத்தில் உள்ள ஒரு வங்கிக் கிளையில் பதினோரு வருடம் அதிகாரியாக இருந்தேன். கடைசி நான்கு வருடம் கணக்குத் திறக்க வருகிறவர்களைச் சரிபார்க்கும் வேலை. தனி ஆள் என்றால் எளிது. ஆதார், பான், புகைப்படம், முடிந்தது. கம்பெனி வந்தால் கம்பெனிக்குப் பின்னால் நிற்கும் ஆளைப் பார்க்க வேண்டும். காகிதத்தில் ஒருவர் பெயர் இருக்கும், ஆட்டுவிக்கிறவர் வேறொருவராக இருப்பார். அந்த வேறொருவரைக் கண்டுபிடிப்பதுதான் வேலையே. புதிய கம்பெனி, ஏற்றுமதித் தொழில், வெளிநாட்டிலிருந்து வரும் பணம், தொழிலில் முன்பின் பெயர் இல்லாத இயக்குநர்கள் என எல்லாம் சேர்ந்துவிட்டால் அது அதிக ரிஸ்க் உள்ள வாடிக்கையாளர். அதற்குத் தனிப் படிவம். கிளையிலேயே முடிக்க முடியாது, வட்டார அலுவலகம் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு முன் ஒருவர் நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டும். படிவத்தின் பதினோராவது கட்டம், நிறுவனத்தின் கட்டுப்பாடு உண்மையில் யாரிடம் உள்ளது என்று கேட்கும்.

அந்தக் கம்பெனி இறாலும் நண்டும் வெளிநாட்டுக்கு அனுப்பப்போவதாகச் சொன்னது. இயக்குநர்கள் இரண்டு பேர். ஒருவர் சென்னையில் இருக்கும் இறால் வியாபாரி ஒருவரின் டிரைவர். இன்னொருவன் என் பள்ளித் தோழன். பதிவு முகவரி அவன் வீடு.

ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை நாங்கள் ஒரே பெஞ்ச். எட்டோடு அவன் படகேறினான், நான் திருப்பாலைவனம் வழியாக பஸ் பிடித்துப் படிக்கப் போனேன். அதற்கு முந்தைய வருடம் என் நைனா, அதாவது அப்பா, காச நோயில் படுத்துவிட்டார். ஏழு மாதம் அவர் எழுந்திருக்கவில்லை. எங்களுக்காக ஏரியில் வலை கட்டியவர் என் தோழனின் நைனா. அது எப்படி நடந்தது என்று சொன்னால்தான் மற்றது புரியும்.

ஏரியில் இறால் நிறைய வரும் இடங்கள் முகத்துவாரத்தை ஒட்டிச் சிலவே உண்டு. எல்லோரும் ஒரே நாளில் அங்கே வலை கட்ட முடியாது. அதனால் முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர். வருடத்துக்கு ஒரு நாள் கோயில் வாசலில் சீட்டு எடுத்து, யாருக்கு எந்த இடம், எந்தெந்த நாள் என்று பட்டியல் போடுவார்கள். கல்யாணமான ஆணுக்கு அதில் ஒரு பெயர். பெயர் இருந்தால் ஏரியில் இடம் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பெயர் உள்ளவன் தன் நாளில் போக முடியாமல் போனால், காய்ச்சலோ கை உடைந்ததோ எதுவானாலும், அந்த நாளை இன்னொருவனுக்குக் கொடுப்பான். பட்டியலில் பெயர் மாறாது. கரையில் அந்தப் பெயரைக் கூப்பிடும்போது போகிறவன் பதில் சொல்வான். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பெயர் ஒருவனுடையது, அன்றைய பாடு இன்னொருவனுடையது. அதில் ஒளிவு இல்லை, மரியாதைதான் உண்டு. ஏழு மாதம் என் நைனாவின் பெயருக்கு அவன் நைனா பதில் சொன்னார். எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அதனால்.

அந்த வியாழக்கிழமை நான் போனபோது வீட்டு முன்சுவரில் புதுப் பலகை ஒன்று அறைந்திருந்தது. ஆணியைச் சுற்றிச் சிமெண்டு பெயர்ந்திருந்தது. வியாபாரி அங்கே இருந்தார். வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. ஒவ்வொரு காகிதத்தையும் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். அவர் யார் என்று கேட்டேன். ஆலோசகர் என்றார். என் தோழன் என்னைச் சார் என்று கூப்பிட்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் முகத்தில் சிரிப்பில்லை.

பிறகு வியாபாரிக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே கருவேல மரங்கள் பக்கம் போனார். அவர் தலை மறைந்ததும் தோழன் பழைய ஆளாகிவிட்டான்.

"இன்னாடா, ஷூலாம் மாட்டிகினு வந்துகீறே? சேத்துல எறங்கினா யாரு இழுக்கறது?"

நான் படிவத்தைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு, கம்பெனியை யார் நடத்துவது என்று கேட்டேன்.

"இன்னாடா புச்சா கேக்கறே? பேரு என்னுது, பாடு அவருது. அவ்ளோதான்."

கையெழுத்தெல்லாம் நீதானே போட வேண்டும் என்றேன். அவர் காட்டுகிற இடத்தில் போடுவதாகச் சொன்னான். காசோலையிலுமா என்று கேட்டேன். அதெல்லாம் தெரியாது, புத்தகம் வந்ததும் அவரிடம்தான் இருக்கும் என்றான். பிறகு ஐஸ் பேக்டரியைப் பற்றிச் சொன்னான். அதைச் சொல்லும்போது குரல் மாறியது. குப்பத்துக்குப் பக்கத்திலேயே ஐஸ் பேக்டரி வரப் போகிறது. விடிகாலையில் பிடித்த இறாலை வெயில் ஏறுவதற்குள் கேட்ட விலைக்குத் தள்ளிவிட வேண்டியதில்லை. பொழுது சாயும்வரை வைத்திருந்து விற்கலாம். அதற்கு உள்ளூர் ஆள் ஒருவனின் பெயர் வேண்டும் என்று வியாபாரி கேட்டிருக்கிறார். யார் யாரிடமோ கேட்டுவிட்டு வரவில்லை, நேராகத் தன்னிடம்தான் வந்தார் என்பதை இரண்டு முறை சொன்னான்.

அவன் மனைவி உள்ளே இறால் உரித்துக்கொண்டிருந்தவள், ஈரக் கையோடு கதவருகே வந்து நின்றாள்.

"அண்ணா, இதுல வம்பு எதுனா வருமா? இவுரு சொல்றது எனக்கு ஒண்ணும் வெளங்கல. நீங்க பாத்துட்டு சொன்னா போதும்."

நான் ஒன்றுமில்லை அம்மா என்று சொன்னேன். ஒன்றுமில்லை என்பதுதான் அப்போது என் நம்பிக்கையும். இதை என் குற்றத்தைக் குறைப்பதற்காக எழுதவில்லை. எங்கள் கிளையில் வேலை பார்த்த தஞ்சாவூர்க்காரரோ மதுரைக்காரரோ அன்று என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால், அவன் சொன்ன அந்த வாக்கியத்தில் பேனா நின்றுபோயிருக்கும். பெயர் என்னுடையது என்றால் என்ன, பாடு என்றால் என்ன என்று கேட்டிருப்பார்கள். விளக்கம் சொன்னதும் படிவத்தை மூடிக்கொண்டு எழுந்திருப்பார்கள். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பிறந்ததிலிருந்து கேட்ட பேச்சு. அது எவ்வளவு நேர்மையான ஏற்பாடு என்று என் வீட்டு அடுப்பே எனக்குச் சொல்லியிருந்தது. அவன் தன் பெயரைக் கொடுத்திருக்கிறான், அவ்வளவுதான். ஏரியில் பெயரைக் கொடுத்தால் அதைத் திருப்பிக் கொடுக்கிறவன் அதே கரையில் நாளைக்கும் நிற்பான் என்பதையும், கம்பெனியில் அப்படி இல்லை என்பதையும் நான் எண்ணிப் பார்க்கவில்லை. பதினோராவது கட்டத்தில் இயக்குநரிடம் என்று எழுதினேன்.

கிளை மேலாளர் குறிப்பைப் படித்துவிட்டு ஆள் தெரிந்தவரா என்று ஒரு கேள்விதான் கேட்டார். ஒரே பெஞ்ச் சார் என்றேன். அப்படியென்றால் சரி என்று கோப்பை வட்டார அலுவலகத்துக்கு அனுப்பினார். ஐப்பசி இரண்டாவது வாரம் கணக்குத் திறந்தது. அந்த வாரம் முகத்துவாரமும் திறந்திருந்ததாக நோட்டில் இருக்கிறது.

குப்பத்தில் அவனுக்கு டைரக்டர் என்று பெயர் விழுந்தது. எந்த நடிகையை வைத்துப் படம் எடுக்கிறாய் என்று கரையில் கிண்டல் செய்வார்கள். உனக்கு அம்மா வேஷம் தருகிறேன், மீசையை எடுத்துவிட்டு வா என்று அவனும் திருப்பிச் சொல்வான். தை மாதம் குப்பத்துக்கு மேற்கே ஐஸ் பேக்டரிக்காக நான்கு தூண்கள் எழுந்தன. மாசியில் வேலை நின்றது. சிமெண்டு வரவில்லை என்றார்கள். பிறகு வியாபாரி வருவது நின்றது. தூண்களில் கம்பி துருவேறி, மழை பெய்தால் சிவப்பாக வழிந்தது.

ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. கணக்கை நிறுத்தி வைக்கச் சொல்லியிருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து பணம் வந்திருக்கிறது, வந்த வேகத்தில் வேறு கணக்குகளுக்குப் போயிருக்கிறது, ஒரு கூடை இறால்கூடக் கப்பலேறவில்லை. அந்த வாரமே விசாரணை அதிகாரிகள் வந்தார்கள். வியாபாரியின் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. டிரைவரைக் காணவில்லை. கைக்கெட்டிய ஒரே ஆள், வீட்டுச் சுவரில் பலகை மாட்டியிருந்தவன். அவனை மூன்று முறை சென்னைக்கு வரச் சொன்னார்கள். மூன்றில் இரண்டு அவனுடைய பாடு நாட்கள்.

என்னையும் விசாரித்தார்கள். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னேன். இடத்துக்குப் போனீர்களா, போனேன். ஆவணங்களைப் பார்த்தீர்களா, பார்த்தேன். படிவத்தைக் காட்டி இது உங்கள் கையெழுத்தா என்றார்கள், ஆம் என்றேன். அவன் உங்களிடம் என்ன சொன்னான் என்று அன்று யாரும் கேட்கவில்லை. நானாகச் சொல்லவுமில்லை.

ஆவணி முதல் ஞாயிறு காலை அவன் என் வீட்டுக்கு வந்தான். கடைத்தெருவுக்குப் பின்னால் நான் வாடகைக்கு இருந்த வீடு அது. இளைத்திருந்தான். விசாரணையில் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பதாகச் சொன்னான். உனக்குத் தெரிந்துதானே செய்தாய், ஏன் மறைத்தாய் என்று. நான் எங்கே மறைத்தேன் என்றால் சிரிக்கிறார்களாம்.

"நீ அன்னிக்குக் கேட்டே, நான் சொன்னேன் இல்ல? அத்த நீ அவங்ககிட்ட சொல்லிடு. வேற ஒண்ணியும் வாணாம்."

பார்க்கிறேன் என்றேன்.

"இன்னாத்தப் பாக்கறது?"

விளக்கினேன். அவன் சொன்னது எனக்குத் தெரியும் என்று சொன்னால், தெரிந்தே படிவத்தில் வேறு எழுதினேன் என்றாகும். வேலை போகலாம். வங்கியின் வக்கீலைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன், கொஞ்சம் நாள் கொடு என்றேன். அவன் கோபப்படவில்லை. வாதாடவுமில்லை. டீயைக் குடித்து முடித்துவிட்டு, முகத்துவாரம் போன வருடம் எப்போது திறந்தது என்று உன் நோட்டில் இருக்கிறதா என்று கேட்டான். எடுத்துப் பார்த்துச் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனான்.

வக்கீலை நான் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று தெரியும் என்பதால் கேட்கவில்லை. நோட்டில் அந்த மூன்று வாரத்துக்கும் வெறும் வானிலைக் குறிப்புகள்தான் இருக்கின்றன.

அந்த மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை சீட்டு எடுக்கும் நாள். எனக்குப் பட்டியலில் பெயர் கிடையாது, உத்தியோகத்துக்குப் போனவனுக்கு இல்லை. இருந்தாலும் வருடா வருடம் போய் நின்று எழுதிக்கொள்வேன். அந்த வருடமும் போனேன். கோயில் வாசலில் பந்தல். ஊர்த் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து பட்டியலைப் படித்தார், ஒவ்வொரு பெயருக்கும் ஒருவர் வந்து சீட்டு எடுத்தார். தோழன் முன்வரிசைக்குப் பக்கத்தில், தோய்த்த வேட்டி கட்டி நின்றான். அவன் பெயர் வர வேண்டிய இடத்தில் வேறு பெயர் வந்தது. அவன் அசையவில்லை. ஒருவேளை பின்னால் வரும் என்று நினைத்திருக்கலாம். பட்டியல் முடியும்வரை நின்றான். தலைவர் காகிதத்தை மடித்தபோதுதான் வாயைத் திறந்தான்.

"நம்ம பேரு?"

கேஸ் முடியட்டும் என்றார் தலைவர். போலீசும் ஜீப்பும் ஊருக்குள் வந்துபோவது கட்டுமானத்துக்கு நல்லதில்லை என்றார். கட்டுமானம் என்றால் எங்கள் ஊரில் ஊர் நிர்வாகம். அவன் மறுபடியும் அதையே கேட்டான். அப்போது தலைவருக்குப் பின்னால் இருந்த ஒருவர், எனக்கு மாமா முறை, நிதானமாகச் சொன்னார்:

"உன் பேரு இப்ப உன்கிட்டவா கீது? கம்பெனிக்காரன்கிட்டப் போய்க் கேளு."

சிலர் சிரித்தார்கள். பெரிய சிரிப்பில்லை, மூக்கால் விட்ட சிரிப்பு. நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு இருபதடி தூரத்தில் நின்றேன். இவன் மறைக்கவில்லை, என்னிடம் சொன்னான் என்று அங்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அது வங்கியில்லை, விசாரணை அலுவலகமில்லை. சொன்னால் வேலை போகும் இடமும் இல்லை. அவன் என்னைப் பார்த்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நான் அவன் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவை திரும்பி நடந்து போயின.

நான்கு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் போனான். பொன்னேரியில் வக்கீலைப் பார்க்கப் போகிறான் என்று மனைவி நினைத்திருந்தாள். போன் அரிசி டின்னின் மேல் இருந்தது. மறந்துவிட்டான் என்று சாயங்காலம்வரை நினைத்திருந்தாள்.

பதினோரு நாள் கழித்து நான் சென்னைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், நோட்டையும் கொடுத்தேன். அந்த வியாழக்கிழமைப் பதிவில் அவன் சொன்ன வாக்கியம் சொன்னபடியே இருந்தது. காசோலைப் புத்தகம் வியாபாரியிடம்தான் இருக்கும் என்று அவன் சொன்னதும் இருந்தது. விசாரணை செய்த அம்மையார் என்னைவிட வயதில் இளையவர். இரண்டு முறை படித்தார். முன் பக்கங்களையும் பின் பக்கங்களையும் புரட்டி, பூநாரைக் கணக்கையெல்லாம் பார்த்து, இது பிறகு எழுதிச் சேர்த்ததில்லை என்று தனக்குத்தானே உறுதிசெய்துகொண்டார். பிறகு சொன்னார்:

"இது அவரைக் காப்பாத்தும் சார். உங்களைக் காப்பாத்தாது. தெரிஞ்சுதான் குடுக்கறீங்களா?"

ஆமாம் என்றேன். இவ்வளவு நாள் ஏன் தரவில்லை என்று கேட்டார். அதற்கு நான் சொன்ன பதில் எதுவும் அவர் எழுதிக்கொள்ளும்படியாக இல்லை.

எனக்குக் கிடைத்தது பெரிய தண்டனை இல்லை. இரண்டு வருடச் சம்பள உயர்வு நின்றது. சரிபார்க்கும் வேலையிலிருந்து மாற்றி, ஏரி கண்ணில் படாத ஒரு கிளைக்கு அனுப்பினார்கள். வட்டார அலுவலகத்தில் அந்தக் கோப்பை வகுப்பில் காட்டிப் பாடம் நடத்துவதாகக் கேள்விப்பட்டேன். கிளைப் பெயரையும் என் பெயரையும் மறைத்துவிட்டுத்தான் காட்டுகிறார்களாம்.

அடுத்த பங்குனியில் குற்றப்பத்திரிகை தாக்கலானது. வியாபாரியைப் பிடித்துவிட்டிருந்தார்கள். என் தோழனின் பெயர் குற்றவாளிகள் வரிசையில் இல்லை. சாட்சிகள் வரிசையில் இருந்தது. அந்தப் பக்கத்தின் நகலை எடுத்துக்கொண்டு அன்று மாலையே குப்பத்துக்குப் போனேன். அவன் மனைவி வெளியே வந்தாள். பலகையைக் கழற்றியிருந்தார்கள், நான்கு ஆணித் துளைகள் இருந்தன. அவளுக்குப் படிக்கத் தெரியும். விரலால் வரியைத் தொட்டுக்கொண்டே முழுப் பக்கத்தையும் படித்தாள். ஏதாவது திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

"இத்த யார்கிட்டண்ணா சொல்றது நானு? அவருக்குல்ல தெரியணும்."

அவ்வளவுதான் சொன்னாள். காகிதத்தை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

அதற்கடுத்த ஆவணியில் சீட்டு எடுத்தபோது அவன் பெயரைப் படித்தார்கள். தலைவரே முதல் நாள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாராம். அவன் மைத்துனன் பதில் சொல்லிச் சீட்டு எடுத்தான். பாடு நாட்களில் மைத்துனன்தான் வலை கட்டுகிறான். குடும்பம் பட்டினி கிடக்கவில்லை. அந்த நகலைக் கையில் வைத்துக்கொண்டு அவனைத் தேடுவதுதான் மீதி. அவன் இன்னும் தன்னைத் தேடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு எங்கோ இருக்கிறான். அவனை ஊருக்கு வரவிடாமல் வைத்திருக்கும் காரணம் ஒழிந்துபோனது அவன் ஒருவனுக்குத்தான் தெரியாது.

தேடிய இடங்களையும் தேதிவாரியாக எழுதி வைத்திருக்கிறேன். காசிமேட்டில் இரண்டு ஞாயிறு. ஆரம்பாக்கத்தில் ரயிலடி, லாரி நிறுத்தும் டீக்கடைகள், மூன்று முறை. மாநில எல்லைக்கு அப்பால் ஒரு மீன்பிடித் துறைமுகத்தில் பொங்கல் விடுமுறை முழுவதும். அவன் புகைப்படமாக என்னிடம் இருப்பது கணக்குத் திறக்கும் படிவத்தில் ஒட்டியதன் நகல்தான். அதில் வியாபாரி சொல்லிக் கொடுத்தபடி சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருக்கிறான். அந்தப் படத்தைப் பார்த்து யாரும் அவனை அடையாளம் சொல்ல முடியாது. அவன் நடப்பதைப் பார்த்தால் சொல்லலாம்.

சென்ற மாதம் எங்கள் பக்கத்து ஐஸ் வண்டி டிரைவர் ஒருவர் போன் செய்தார். ஆரம்பாக்கம் தாண்டி வடக்கே, நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே போகும் இறால் பண்ணை ஒன்றுக்கு ஐஸ் இறக்கப் போயிருக்கிறார். குளத்தின் கரையில் காவல்காரன் ஒருவன் தண்ணீரில் காற்றுக் கலக்கும் சக்கரத்தைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தானாம். உயரமும் தோளும் அவனைப் போலவே இருந்ததாம். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பவில்லை, மோட்டார் சத்தத்தில் கேட்கவில்லையோ என்னவோ என்றார். பிறகு யாரோ தெலுங்கில் கூப்பிட்டதும் எழுந்து போய்விட்டானாம். அது செவ்வாய்க்கிழமை. நான் ஞாயிற்றுக்கிழமை போனேன். அறுவடை முடிந்து குளத்துத் தண்ணீரை வடித்திருந்தார்கள். சேறு வெடித்துக் கிடந்தது. காவல் குடிசையில் பாய் இல்லை, அடுப்பில் சாம்பல் இருந்தது. அடுத்த பண்ணைக்காரரிடம் முதலாளியின் எண்ணை வாங்கி ஆறு முறை அழைத்தேன். மணி அடிக்கிறது, எடுப்பதில்லை.

டிரைவர் பார்த்தது அவனைத்தான் என்பது இந்தப் பக்கத்தை எழுதும்வரை சரிபார்க்கப்படவில்லை.